ஒத்தக்கொம்பன் என்று பெயர் வைத்தேன்

பேசும் படம் எங்கள் பக்கம் வருவதற்கு முன்னால், ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவனாக நான் நாலு வருஷம் பிழைத்தேன். திரையின் இடது ஓரத்தில் எனக்கு ஒரு முக்காலி, கையில் ஒரு தகரக் குழல். திரையில் வாய் அசையும், நான் பேசுவேன். ராஜா கர்ஜித்தால் நான் கர்ஜிப்பேன், பெண் அழுதால் குரலை மெலியவைத்து அழுவேன். நடுநடுவே ஆங்கில எழுத்து வந்து போகும். அது மறைவதற்குள் படித்து, தமிழில் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் பாரம் வரை படித்திருந்தேன் என்பதால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

அந்த வருஷம் எங்கள் முதலாளி பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த படம் அதுவரை நாங்கள் காட்டிய எதையும் போல இல்லை. ஒரு விஞ்ஞானி பெரிய உருண்டை ஒன்றைச் செய்து, தன் மகளோடு அதில் ஏறிச் சந்திரனுக்குப் போய்விடுகிறார். அங்கே தரைக்குக் கீழே ஒரு பட்டணம். அங்குள்ள காற்று முழுவதையும் ராஜா பூட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு பை காற்றுதான். அதற்கு மேல் மூச்சு விட நினைத்தால் திருடத்தான் வேண்டும். திருடுகிறவர்களைப் பிடிக்க ஓர் இரும்பு மனிதன் இருக்கிறான். விஞ்ஞானியின் மகள் திருடர்கள் பக்கம் சேர்ந்து, கடைசியில் காற்றுக் கதவைத் திறந்துவிடுகிறாள்.

படத்தில் அவர்களுக்கு இருந்த பெயர்கள் என் நாக்கிலேயே புரளாதவை. அதனால் நானே பெயர் வைத்தேன். ராஜாவுக்கு வாயுகண்டன். கண்டம் என்றால் கழுத்து; காற்றின் கழுத்தை நெரித்தவன் என்று நானாக வைத்த பொருள். இரும்பு மனிதனுக்கு லோகதத்தன். உலகம் கொடுத்தவன் என்றும் கொள்ளலாம், உலோகம் கொடுத்தவன் என்றும் கொள்ளலாம். பெண்ணுக்குச் சந்திரிகை. ஒவ்வொரு பெயருக்குள்ளும் இப்படி ஒன்றை ஒளித்து வைத்ததில் எனக்குக் கர்வம். சேலத்திலும் ராசிபுரத்திலும் ஒருவர்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை. வேர்க்கடலை தின்றபடி பார்த்துவிட்டுப் போனார்கள்.

சமவெளியில் வேறொரு படக் கம்பெனி எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் புகுந்து எங்கள் கூட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலாளி ஒரு நாள், "கொல்லிமலை மேலே எவனும் படம் காட்டினதில்லை. சந்தை வாரத்துல செம்மேட்டுக்கு ஏறிடுவோம்" என்றார். அப்போது மேலே போக நடைதான். மெஷினைப் பிரித்து, ரீல் பெட்டிகளைச் சாக்கில் சுற்றி, ஆறு பேர் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு ஏறினார்கள்.

கியாஸ் விளக்கு இருந்த பெட்டியைச் சுமந்தவர், நாடு நாடாகப் பிரிந்த அந்த மலையில் வளப்பூர் நாட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் சாமையும் மிளகுக் கொடியும் வைத்திருப்பவர். சுமை கிடைத்தால் தூக்குவார். மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஏறினார். நான்தான் நாலடிக்கு ஒரு தரம் நின்றேன்.

"ஏனுங்க, இந்தப் பொட்டிக்குள்ள என்னங்க இருக்குது?"

"விளக்கு."

"வெளக்குக்கா இத்தனை கனம்?"

அதிலிருந்து பேச்சு வளர்ந்து, கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். ராஜா காற்றைப் பூட்டுகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். பெட்டி தலையிலேயே இருந்தது.

"காத்தையுமா பூட்டுவாங்க?"

"கதைதானே."

"எங்க காட்டையே பூட்டியாச்சுங்க. சுள்ளி பொறுக்கினாப் புடிக்கிறாங்க, மூங்கில் வெட்டினாப் புடிக்கிறாங்க. காத்துக்கு இன்னும் ஆளு வரல, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மேலே நடந்தபடி, "அந்த ராசாவுக்குப் பேரு என்னங்க?" என்று கேட்டார்.

"வாயுகண்டன்."

"அது யாரு வாயில நுழையுங்க? ஆளு எப்படி இருப்பாரு?"

கிரீடத்தின் நடுவில் ஒரே ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து பொறி பறக்கும் என்றேன். அவர் பெட்டியைத் தலையில் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "ஒத்தக்கொம்பன்னு வைங்க" என்றார். இரும்பு மனிதனுக்குத் தலை உருண்டையாக, வழவழவென்று இருக்கும் என்றதும், "அவன் மொட்டையன்" என்றார். பெண் வெள்ளை உடுப்பில் வருவாள் என்றேன். "வெள்ளச்சி."

"எல்லாம் மாட்டுப் பேராக இருக்கிறதே?"

"மாட்டுப் பேருன்னாத்தான் சனத்துக்கு மறக்காதுங்க."

அது எனக்குச் சரியாகப் பட்டது. அடுத்த திருப்பத்தில் உட்கார்ந்தபோது சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்று நினைத்தேன்.

சந்தை கலைந்த மைதானத்தில் ஆறு மூங்கில் நட்டுத் திரை கட்டினோம். மூங்கில் வெட்டுவதற்கு முதலாளி முன்கூட்டியே காட்டு அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். பொழுது சாய்ந்ததும் ஆட்டத்தை ஆரம்பித்தோம். வெளிச்சம் திரையில் விழுந்ததும் எழுந்த சத்தத்தை இன்னும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

ராஜா சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்தான். நான் குழலை வாயில் வைத்து, "இவன்தான் சந்திர லோகத்தைக் கட்டி ஆளும் ஒத்தக்கொம்பன்!" என்று முழங்கினேன்.

ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மைதானமே சிரித்தது. சாதாரணச் சிரிப்பில்லை. ஆண்கள் தரையைத் தட்டினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். மொட்டையன் வந்தபோது இன்னும் பெரிய சிரிப்பு. வெள்ளச்சி வந்ததும் சிரிப்பு அடங்கி, ஒரு மாதிரி நிம்மதியோடு பார்த்தார்கள். திருடர்கள் பதுங்கி வரும் காட்சியில் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "வெள்ளச்சி மேயுது, வாங்கடா!" என்று கத்த, மறுபடியும் சிரிப்பு. நாலு வருஷத்தில் எந்த ஊரிலும் எனக்கு அப்படிக் கூட்டம் வசப்பட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் முதலாளி என் தோளைத் தட்டினார். நான் பெரிய கலைஞன் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் பைல் நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பார்த்தவர்களே திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். நானும் பெயர்களை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் நான் ஓடையில் திரைத் துணியை அலசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து கரையில் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கொத்துக்கத்தி செருகியிருந்தது.

"கதை சொல்றவரு நீங்கதானுங்களா?"

இன்னொரு பாராட்டு என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"பொட்டி தூக்கிட்டு வந்தாரே, அவரு எங்கூட்டுக்காரரு. அந்தப் பேரெல்லாம் அவருதான் உங்களுக்குச் சொன்னாருன்னு நேத்துத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு அதுக்கு அர்த்தம் தெரியுங்களா?"

"மாட்டுப் பேர் என்றார்."

"நாங்க காட்டுக்குள்ள போவோமுங்க. சுள்ளிக்கும் கெழங்குக்கும் மூங்கிலுக்கும். ஒருத்தி மேட்டுல நிப்பா. காட்டுக் காவலுக்கு இருக்கிற கார்டு வாரதப் பாத்தா, 'ஏ ஒத்தக்கொம்பா'ன்னு மாட்டக் கூப்புடற மாதிரிக் கூப்புடுவா. அவரு தலப்பாவுல குஞ்சம் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குமுங்க, அதான். பெரிய ஆபீசர் வந்தா மொட்டையன். ஒருத்தருமில்லீன்னா வெள்ளச்சி. அஞ்சாறு வருசமா இது எங்களுக்குள்ளதான் இருக்குது. எங்க கொழந்தைங்களுக்குக்கூடச் சொன்னதில்லீங்க."

துணி என் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போனது. எட்டிப் பிடித்தேன்.

"உங்கள் வீட்டுக்காரர் ஏன் சொன்னார்?"

"விளையாட்டுங்க. எதையும் நாலு பேரு முன்னால சொல்லிச் சிரிச்சாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். நேத்து அவருக்குச் சோறு போடல." அவள் சிரிக்கவில்லை. "இன்னைக்கு ராத்திரி ஆபீசர் படம் பாக்க வாராருன்னு சொல்றாங்க. பேர மாத்துங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

மைதானத்துக்குத் திரும்பினால் முதலாளி உற்சாகமாக இருந்தார். காட்டு அதிகாரி மலையேறி வந்து பங்களாவில் தங்கியிருக்கிறார், இன்று கார்டையும் அழைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறார், அவருக்கு மனம் குளிர்ந்தால் ஒவ்வொரு சந்தைக்கும் வரலாம். கடை ஒன்றிலிருந்து நாற்காலி இரவல் வாங்கச் சொல்லி என்னையே அனுப்பினார்.

அவரிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று நாற்காலியைத் தூக்கிவரும்போது யோசித்தேன். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பெரிய மனிதர் எதிரில் வாய் நிற்காது. 'இங்கே ஒரு வேடிக்கை கேட்டீர்களா' என்று அவரே ஆரம்பித்துவிடுவார். சொல்லவில்லை. பெயரை மாற்றாவிட்டால் அதிகாரி கேட்பார். மாற்றினால், இரண்டு நாள் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? வாயுகண்டன், லோகதத்தன், சந்திரிகை என்று பழைய பெயர்களை ஜெபம் போலச் சொல்லிப் பழகினேன். இரண்டு நாளில் அவை எனக்கே அந்நியமாகிவிட்டன.

அதிகாரி ஐம்பதை நெருங்கியவர். தலையில் தொப்பி. பேச்சில் பட்டணத்து வாடை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கார்டு நின்றார். ஒல்லியான அடிவாரத்து ஆள். தலைப்பாகையில் அந்தக் குஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பெண்கள் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தலை குனிந்து பின்வரிசையில் இருந்தார்.

ராஜா வந்தான். "இவன்தான் சந்திர லோகத்தைக் கட்டி ஆளும் வாயுகண்டன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கூட்டம் அமைதியாக இருந்தது. பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து நின்று என்னைத் திருத்தினாள்.

"இல்லீங்க! அது ஒத்தக்கொம்பனுங்க!"

உடனே பத்துப் பிள்ளைகள். "ஒத்தக்கொம்பன்! ஒத்தக்கொம்பன்!"

அதிகாரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "என்னய்யா சொல்றாங்க?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ராஜாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் அதற்குப் பேசவில்லை. "கிரீடத்தில் ஒரு கொம்பு இருக்கிறது பாருங்கள் ஐயா. பிள்ளைகள் அவர்களாகவே ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். "அட, ஆமாம். நல்லாத்தான் இருக்கு. அதையே சொல்லுமேன்" என்று சிரித்தார்.

அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? ஒத்தக்கொம்பன் என்றே சொன்னேன். இரும்பு மனிதன் வந்ததும் பிள்ளைகள் முந்திக்கொண்டு மொட்டையன் என்று கத்தினார்கள். அதிகாரி அதற்கும் சிரித்தார். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. என் கண் கார்டின் மேலேயே இருந்தது. அடிவாரத்தில் பிறந்தவர், வருஷக்கணக்காக இந்தக் காட்டில் நடக்கிறவர். பெண்கள் மாட்டைக் கூப்பிடும் குரல் அவர் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்! அவர் திரையைப் பார்க்கவில்லை. கீழே தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஆட்டம் முடிந்து அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கியபோதும் நான் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் விடிந்தது. யாரும் என்னைத் தேடி வரவில்லை. காலை முழுக்கப் பங்களா இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் மெல்ல மூச்சு வந்தது.

மைதானத்தைச் சுற்றியும், வயல் வரப்பிலும், காட்டு ஓரத்திலும் பிள்ளைகள் சந்திர லோகம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி இரும்பு மனிதன் ஆனாள். மற்றவர்கள் "மொட்டையன் வாரான்! மொட்டையன் வாரான்!" என்று கத்திக்கொண்டு சிதறி ஓடினார்கள். நான் அதை நின்று ரசித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. முழங்காலை மடக்காமல் நடக்க வேண்டும் என்று அந்தக் கூடைக்காரிக்கு நானே நடந்து காட்டினேன்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம். பெட்டி சுமந்தவர் ஓடி வந்தார். மலையேறும்போது இரைக்காத மூச்சு அப்போது இரைத்தது.

"ஏனுங்க... அவளப் புடிச்சுட்டாங்க. ஆபீசரே புடிச்சுட்டாருங்க. பங்களாத் திண்ணையில உக்கார வெச்சிருக்காங்க."

"மேட்டில் ஆள் நிற்கவில்லையா?"

"நின்னாளுங்க. மொட்டையன்னு தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்கா. இவ காதுல உழுந்திருக்குது. காலைல இருந்து கொழந்தைங்க அதையேதானுங்களே கத்துது? வெளையாடுதுங்கன்னு இருந்துட்டா." அவர் என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தாங்க பண்ணினேன். என் வாயிதாங்க."

அவர் வாய் மட்டுமில்லை. தகரக் குழல் வைத்திருந்த வாயும்தான். அதிகாரிக்கு அர்த்தம் புரிந்துவிடுமோ என்றே நான் இரண்டு நாள் பயந்து செத்தேன். அவருக்குப் புரியவே இல்லை. புரிந்துகொள்ள வேண்டியவளுக்குப் புரியாமல் போய்விட்டது. இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உங்கள் மனைவி என்ன வெட்டியிருந்தார்?"

"மூங்கிலுங்க. ரெண்டு."

அந்த ஒரு சொல்தான் எனக்கு வழி காட்டியது. அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு நடந்தேன். போகும் வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கீழே ஊரில் எனக்கு ஒரு தாயும் கல்யாணமாகாத தங்கையும் இருந்தார்கள். அரசாங்கத்தோடு எங்கள் குடும்பத்தில் யாரும் பேச்சு வைத்துக்கொண்டதில்லை.

அவள் வாசல் திண்ணையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு மூங்கில்களும் கொத்துக்கத்தியும் கிடந்தன. என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கார்டு தூணோரம் நின்றார். அதிகாரி உள்ளே மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். தொப்பி ஆணியில் தொங்கியது. அவர் தலையில் ஒரு முடி இல்லை.

"என்ன, கதைக்காரரே?"

"ஐயா, அந்த மூங்கில் எங்களுக்காக வெட்டியது. நான்தான் கொண்டுவரச் சொன்னேன்."

பேனாவை வைத்தார். "ஆறு மூங்கிலுக்குச் சீட்டு கொடுத்திருக்கேனே?"

"காற்றில் இரண்டு பிளந்துவிட்டது ஐயா. இன்றைய ஆட்டத்துக்குத் திரை நிற்காது. சீட்டு மறுபடி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கும் தெரியாது."

அன்று காற்றே இல்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் வாசலுக்கு வந்து மூங்கிலைப் பார்த்தார். பிறகு கார்டைப் பார்த்து, "பிளந்திருக்கா?" என்று கேட்டார்.

கார்டு நிமிராமலே, "ஆமாங்க. காலைல பாத்தேனுங்க" என்றார்.

கார்டு ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. அதிகாரி மேஜைக்குத் திரும்பி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடும்."

எழுதினேன். பொய்யை அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் என் பெயரையும், தகப்பனார் பெயரையும், ஊரையும் போட்டேன். மை உலரும் வரை அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று கேட்டார்.

"அந்த இரும்பு மனுஷனுக்கு மொட்டையன்னு ஏன் பேர் வெச்சீர்?"

என் கண் அவர் தலைக்குப் போகாமல் இருக்க நான் பட்ட பாடு! மேஜை மேலிருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டு, "தலை... தலையில் ஒன்றும் இல்லாததால் ஐயா" என்றேன். சொன்ன பிறகுதான் அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது என்று உறைத்தது.

அவர் கையைத் தூக்கித் தன் தலையைப் பின்னிருந்து முன்னாக ஒரு முறை தடவிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே எங்கோ பிள்ளைகள் அதே பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஊர்ல வேற பேர் வையும்" என்றார். "நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் இறங்கிடணும். இன்னிக்கு ஆட்டம் கிடையாது." வாசலில் நின்ற கார்டின் பக்கம் திரும்பினார். "அந்தப் பொம்பளையப் போகச் சொல்லு."

அவர் எல்லாம் தெரிந்தேதான் அவளை விட்டாரா, பெயரைக் கேட்ட வெறும் ரோஷமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கொத்துக்கத்தியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பங்களாவிலிருந்து அவளோடு கொஞ்ச தூரம் நடந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவளே பேசினாள்.

"உங்களுக்குத் தொந்தரவு வராதுங்களே?"

"வராது. இனிமேல் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"அது உங்களுக்கு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு, வரப்பில் இறங்கிப் போனாள். தூரத்தில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைக் கடந்து போனாள், அவர் பின்னாலேயே நடந்தார்.

முதலாளியின் கோபத்தை விவரிக்க வேண்டியதில்லை. சந்தை வாரத்தின் கடைசி ஆட்டம் போனது, மலையே போனது. இறங்கும்போது என்னோடு பேசவில்லை. நாங்கள் ஒழுங்காக இறங்குகிறோமா என்று பார்க்கக் கார்டையும் கூட அனுப்பியிருந்தார் அதிகாரி. சுமைகாரர்கள் முன்னால் போய்விட, நானும் கார்டும் பின்தங்கினோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"நேற்று எனக்காகப் பொய் சொன்னீர்கள்."

"உங்களுக்காக இல்லீங்க." பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "அந்தப் பேரு எனக்கு எப்பவோ தெரியுமுங்க. மலைக்கு வந்த ஒரு வருசத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன். ஒத்தக்கொம்பான்னு கொரலு கேட்டா, அங்கயே ஒரு பாறையில உக்காந்து பீடி குடிப்பேன். ரெண்டு பீடி முடியறதுக்குள்ள அவங்க போயிருவாங்க. அப்பறம் போயிப் பாப்பேன், ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஒருத்தருமில்லீன்னு போயி எழுதுவேன். அது பொய்யில்லீங்களே?"

அவர் பீடிச் சாம்பலைத் தட்டிவிட்டார்.

"இனி அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. வேற வெச்சுக்குவாங்க. அது எனக்குத் தெரியாது. எப்ப உக்காரோணும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பாட்டுக்கு நடந்து போவேன், எதுத்தாப்புல வந்து நிப்பாங்க. பாத்தாப் புடிச்சுத்தானுங்களே ஆகோணும்? எனக்கும் ஊடு இருக்குது, கொழந்தைங்க இருக்குது."

கீழே வந்ததும் அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஏறினார்.

ராசிபுரம் முகாமில் முதலாளி என்னை மறுபடி கதை சொல்ல நிறுத்தினார், வேறு ஆள் கிடைக்காததால். ராஜா வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். எனக்கு வாயுகண்டன் என்று சொல்லவும் வரவில்லை, மற்றதைச் சொல்லவும் துணிவில்லை. "ராஜா" என்றேன். இரும்பு மனிதனை "இரும்பு மனிதன்" என்றும், பெண்ணைப் "பெண்" என்றும் சொன்னேன். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். அந்த முகாம் முடிந்ததும் முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

நான் நாமக்கல்லில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதப் போனேன். அந்தத் தாள் மட்டும் மனதில் கிடந்தது. என் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் போட்டு, நடக்காத காற்றைப் பற்றி நான் எழுதிய தாள். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தால் மண்டியின் பின்கட்டுக்குப் போய்விடுவேன். தங்கையின் கல்யாணத்தன்று வாசலில் ஒரு சேவகன் வந்து நின்றான். பந்தலுக்குத் தீ எச்சரிக்கை சொல்ல வந்தவன். அது தெரிவதற்குள் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்தத் தாளை யாராவது எடுத்துப் படித்தார்களா, கட்டோடு எங்கோ மக்கிப் போனதா தெரியாது. யாரும் வரவில்லை.

மிளகு விற்க இறங்கிவரும் மலைக்காரர்கள் மண்டிப் பக்கம் வருவார்கள். ஒரு தை மாதத்தில், வளப்பூர் நாட்டுக்காரர் ஒருவரிடம் மெதுவாக விசாரித்தேன். அந்த ஆண்டு காட்டில் ஏழெட்டுப் பேரைப் பிடித்தார்கள் என்றார். முன்னெல்லாம் இப்படி இல்லை, அந்தக் கார்டுக்கு என்னவோ ஆகிவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல் எதிரில் வந்து நிற்கிறார் என்றார். பெட்டி சுமந்தவரும் அவர் மனைவியும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள், அவள் இரண்டு முறை பிடிபட்டாள் என்றார். யார் விசாரித்ததாக அவர்களிடம் சொல்லட்டும் என்று கேட்டார். நான் பெயர் சொல்லவில்லை.